நல்ல தண்ணீர்தானே என்று நினைத்தேன்

கிருஷ்ணகிரியில் இருபத்திரண்டு வருடமாக சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். மாரியம்மன் பண்டிகை, காது குத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். தருமபுரிப் பக்கம் பாரதக் கூத்து வைத்தால் அது முடிகிறவரை குழாய்கள் புளியமரத்தில்தான் இருக்கும். மழை பெய்தாலும் இறக்க மாட்டோம். கடையின் முன்பாதியில் கார், டிராக்டர், டாடா ஏஸ் வண்டிகளுக்கு செட் மாட்டும் வேலை நடக்கிறது. வெயிலும் மழையும் புழுதியும் ஒரு ஸ்பீக்கரை என்ன செய்யும் என்பது எனக்கு அத்துப்படி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு படகுக்கு செட் மாட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது பாதிதான் என்று புரிந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில் படகு விடக் குத்தகை எடுத்திருக்கும் அண்ணன் ஒருவர் கடைக்கு வந்தார். (ஏரியின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.) மிதி படகுகளோடு ஒரு மோட்டார் படகும் வைத்திருக்கிறார். பன்னிரண்டு பேர் உட்காரும் ஃபைபர் படகு. பின்னால் பெட்ரோல் இன்ஜின், மேலே தகரக் கூரை.

“தம்பி, பாட்டு இருந்தா நல்லதுதான். ஆனா எனக்கு மைக்தான் முக்கியம். ஓட்டுற பையன் தொண்டை கிழியக் கத்தினாலும் இன்ஜின் சத்தத்துல முன்னாடி உக்காந்திருக்கறவங்களுக்குக் கேக்கறதில்ல. கரையில ஒரு மயில் தெரிஞ்சா போதும், மொத்தப் பேரும் ஒரே பக்கம் எந்திரிச்சுடறாங்க” என்றார்.

அவர் பயம் எனக்குப் புரிந்தது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் வந்த மிருகங்களைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் போனதில்தான் படகு சாய்ந்தது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. செத்துப்போனவர்களில் பலர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். படகில் மைக் என்பது ஆடம்பரம் இல்லை. “யாரும் எழுந்திருக்காதீங்க” என்ற ஒரு வார்த்தை கடைசி வரிசையில் இருக்கிறவர் காதில் விழுந்தாக வேண்டும்.

சரி என்று வேலையை எடுத்துக்கொண்டேன். கடல் இல்லை, உப்பு இல்லை, ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீர்தானே என்பது என் கணக்கு. காருக்குப் போடும் முட்டை வடிவ ஸ்பீக்கர் இரண்டு, காருக்குப் போடும் செட், காருக்குப் போடும் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்), வழக்கமாக வாங்கும் சிவப்பு கறுப்பு வயர். ஸ்பீக்கரை பிளைவுட் பெட்டிக்குள் வைத்து இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்தேன். வயர் மூட்டுகளை முறுக்கி, ஈயம் வைத்து, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றினேன். வண்டிகளில் பத்து வருடம் தாங்கும் வேலை அது. சங்கராந்தி கூட்டத்துக்குப் படகு தயார் ஆகிவிட்டது. சத்தமும் அருமையாக இருந்தது.

ஆடி வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் இடது ஸ்பீக்கர் கரகரத்தது. ஐப்பசி மழையில் மைக் விட்டு விட்டுப் பேசியது. கார்த்திகையில் ஒருநாள் ஏரி நடுவில் செட் மொத்தமாக நின்றுவிட்டது. ஓட்டுகிற தம்பி செட்டை ஒரு தட்டு தட்டினால் வந்தது, அடுத்த அலையில் மறுபடி போனது. எந்த மைக்குக்காக அந்த அண்ணன் என்னிடம் வந்தாரோ அந்த மைக்கை நம்ப முடியாத நிலைக்கு, பத்தே மாதத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

படகைக் கரையில் ஏற்றிப் போட்டு எல்லாவற்றையும் கழற்றினோம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை விரலால் தொட்டேன்; நமத்த அப்பளம் மாதிரி தொட்ட இடம் உள்ளே போனது. அதைக்கூட எதிர்பார்த்தேன். வயர்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. மூட்டில் டேப்பை உரித்ததும் பச்சை. போகட்டும், நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவலாம் என்று ஓர் அங்குலம் உள்ளே சீவினேன். செம்பு கறுப்பாக இருந்தது. இன்னும் ஓர் அங்குலம். கறுப்புதான், அங்கங்கே பச்சை மாவு. கத்தியால் உறையை நீளவாக்கில் கீறிக்கொண்டே போனேன். ஒரு முழம் தாண்டிய பிறகுதான் செம்பு செம்பு நிறத்தில் தெரிந்தது. மேலே உறை புது வயர் மாதிரி பளபளவென்று இருக்கிறது, உள்ளே ஒரு முழத்துக்குக் களிம்பு.

வயருக்குள் இருப்பது ஒற்றைக் கம்பி இல்லை, மெல்லிய இழைகளின் கட்டு. இழைக்கும் இழைக்கும் நடுவே இருக்கும் சந்தில், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, ஈரம் தானாக ஏறும். டேப் அதைத் தடுப்பதில்லை, உள்ளே போன ஈரத்தை வெளியேற விடாமல் பிடித்து வைக்கத்தான் செய்கிறது. இதில் மின்சாரமும் சேர்கிறது. ஈரமான மூட்டில் 12 வோல்ட் ஓயாமல் நின்றால் பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்துகொண்டே இருக்கும். முலாம் பூசுகிற தொட்டியில் நடப்பதும் இதுதான். பாசிட்டிவ் வயர் ஒரு முழம் கெட்டிருந்தபோது நெகட்டிவ் வயர் நாலு விரல்தான் கெட்டிருந்தது.

நல்ல தண்ணீர் என்று நான் சொன்னதும் தப்பு. வாயில் உப்புக் கரிக்கவில்லை என்பதால் அதில் உப்பு இல்லை என்று ஆகிவிடாது. மின்சாரம் கடத்தும் அளவுக்கு எந்த ஏரித் தண்ணீரிலும் கரைந்த உப்புகள் உண்டு. தென்பெண்ணையில் ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு நுரை பொங்கி வரும் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு, மேலே பெங்களூரிலிருந்து எதெல்லாம் கலந்து வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாதமே ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கடலூர் போக வேண்டி வந்தது. நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் நிற்கும் அதே தென்பெண்ணைதான் சாத்தனூர் வழியாகப் போய்க் கடலூரில் கடலில் சேர்கிறது. வயர்த் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு வயரிங் செய்யும் பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“வெறும் செம்பு போட்டீங்களா?” என்றார்.

“ஆமாங்க ஐயா. ஏரிதானே, உப்பில்லையேன்னு...”

“ஏரின்னா என்ன, கடல்னா என்ன? இங்க ஆறு மாசத்துல போறது உங்க ஊர்ல ஒரு வருசத்துல போவும், அவ்வளவுதான். உங்க வீட்டுல பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியிருப்பீங்கல்ல? எதுக்குப் பூசுனாங்க?”

களிம்பு ஏறாமல் இருக்க. சின்ன வயதில் எங்கள் தெருவுக்குத் துருத்தியும் கரியும் தூக்கிக்கொண்டு ஈயம் பூசுகிறவர் வருவார். பாட்டி அண்டா, குண்டான் எல்லாவற்றையும் வரிசையாக வெளியில் எடுத்து வைப்பார். அதே வித்தைதான். படகுக்கான வயரில் ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியாக வெள்ளீயம் பூசியிருக்கும். சீவினால் சிவப்பாக இருக்காது, வெள்ளி மாதிரி இருக்கும். கடைகளில் ‘டின்டு காப்பர்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். விலை கூடுதல்தான். பெரியவர் தன் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். நாலு வருடம் கடலில் ஓடிய படகில் இருந்து கழற்றியதாம். உள்ளே இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அண்ணனிடம் போய், என் செலவில் மறுபடி முழுக்கச் செய்து தருகிறேன், ஆனால் சாமான்களை நான் சொல்கிறபடி வாங்க வேண்டும் என்றேன். அவர் சரி என்றார். இந்த முறை ஒவ்வொன்றையும் படித்து, கேட்டு, கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

முதலில், பெட்டி மேல் போட்டிருக்கும் ஐ.பி. எண். ஐ.பி. 67 என்றால் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசிக்கு 6 என்பது உச்சம்; தூசி உள்ளே போகவே போகாது. தண்ணீரில் 4 என்றால் எந்தப் பக்கம் இருந்து தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சுவதைத் தாங்கும். 6 என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. தூசியைச் சோதிக்காமல் விட்டிருந்தால் அந்த இடத்தில் ‘எக்ஸ்’ போட்டிருப்பார்கள்.

பலரும் நினைப்பதுபோல 7 வாங்கினால் 5, 6 எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை. முங்கிக் கிடப்பது வேறு, பீய்ச்சி அடிப்பது வேறு; சோதனைகள் தனித்தனி. படகுக்குத் தேவை பீய்ச்சலைத் தாங்கும் குணம். முங்குகிற நிலைமை வந்தால் நாம் ஸ்பீக்கரைப் பற்றி யோசிக்கப் போவதில்லை. அதனால் நான் தேடியது 5 அல்லது 6. இன்னொன்று, இந்தச் சோதனை எல்லாமே சாதாரணத் தண்ணீரில் செய்வது. வெயிலையும் உப்பையும் பற்றி ஐ.பி. எண் ஒரு வார்த்தை சொல்லாது. கடலுக்குப் போகிறவர்கள் உப்பு மூட்டச் சோதனை செய்த சாமானா என்று கேட்க வேண்டும். ஐந்து சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி சூட்டில் பனி மாதிரி தெளித்துக்கொண்டே இருப்பார்கள். எத்தனை மணி நேரம் தாங்கியது என்று நல்ல கம்பெனிக்காரர்கள் குறிப்புத்தாளில் போட்டிருப்பார்கள்.

படகு செட்டிலும் ஒரு விஷயம் கவனித்தேன். நியூசிலாந்தின் ஃப்யூஷன் மாதிரி படகு ஆடியோவை முக்கியத் தொழிலாகச் செய்யும் கம்பெனிகள் உண்டு. அதை 2014-இல் கார்மின் வாங்கிவிட்டது. அந்த ரகத்தில் எதை வாங்கினாலும் எண் எந்தப் பக்கத்துக்கு என்று பார்க்க வேண்டும். பல செட்டுகளில் தண்ணீர் தாங்குவது முகப்பு மட்டும்தான். பின்பக்கம் வயர் சொருகும் இடம் திறந்துதான் இருக்கும். முகப்பு எவ்வளவு நனைந்தாலும் சரி, பின்பக்கம் ஒரு சொட்டுகூடப் படாத இடத்தில்தான் பொருத்த வேண்டும். நாங்கள் வாங்கியதில் உள்ளே சர்க்யூட் போர்டு மேல் மெல்லிய வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருந்தது. காற்று ஈரம் போர்டைத் தொடாமல் இருக்க அதுதான் காவல். காரில் மாட்டியதில் அது இல்லை.

ஸ்பீக்கரில் நான் பார்த்தது நாலே விஷயம். கூம்பு காகிதமாக இருக்கக் கூடாது, பாலிபுரொப்பிலீனாக இருக்க வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராக இருக்க வேண்டும். பஞ்சு விளிம்பு ஈரத்தில் தானாகவே உதிர்ந்துபோகும். பின்னால் உள்ள கூடு இரும்புத் தகடாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். முன் வலை வெயிலுக்கென்று செய்த வெள்ளை நிற பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. வெள்ளை அழகுக்காக இல்லை. நம் ஊர் சித்திரை வெயிலில் கறுப்பு வலையில் கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

வாட் விஷயத்தில் ஏமாற வேண்டாம். பெட்டி மேல் பெரிதாக எழுதியிருப்பது ஒரு நொடி தாங்கும் உச்சம், ஆர்.எம்.எஸ். என்று சின்னதாகப் போட்டிருப்பதுதான் ஓயாமல் தாங்குவது. அதைவிட முக்கியம் சென்சிடிவிட்டி, அதாவது ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது. 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் அதே சத்தத்துக்குப் பாதி பவர் போதும். பாட்டரியில் ஓடும் படகுக்கு இது பெரிய லாபம்.

காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் சின்ன ஸ்பீக்கரே அதிரும். திறந்த படகில் சத்தம் முட்டித் திரும்ப இடமே இல்லை. தூரம் இரட்டிப்பானால் ஆறு டெசிபல் குறைந்துவிடும். முதல் முறை நான் முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தேன். முன் வரிசைக்குக் காது வலிக்கும், பின் வரிசைக்கு இன்ஜின்தான் கேட்கும். இந்த முறை ஆறரை அங்குல ஸ்பீக்கர் நாலு, ஒவ்வொரு வரிசைக்கும் தலைக்கு மேலே, கூரைச் சட்டத்தில். சத்தத்தைப் பாதியாகக் குறைத்த பிறகும் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. அடிச்சத்தத்துக்கென்று தனியாக வைக்கும் சப்வூஃபர் கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன். எடை, பாட்டரி, அதிர்வு மூன்றும் கூடும். பன்னிரண்டு பேர் உயிரைச் சுமந்து போகிற படகில் எடையைக் கூட்ட நான் தயாராக இல்லை.

அப்புறம் பொருத்துகிற வேலை. செட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் படகில் அது பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். செட்டுக்குக் காசைக் கொட்டிவிட்டு மூட்டுக்கு டேப் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்கவில்லை. நானே செய்த தப்பு அது.

முதல் நாளே ஒரு பெரிய பாடம். ஆம்ப் வைக்க இடம் தேடினேன். பின் இருக்கைக்குக் கீழே அழகான பெட்டி மாதிரி ஒரு மறைவிடம் இருந்தது. மழை படாது, வெயில் படாது. வட்ட ஓட்டை போடும் ஹோல்சாவை டிரில்லில் மாட்டி அதன் மேல் வைத்துவிட்டேன். ஓட்டுகிற தம்பி ஓடி வந்து கையைப் பிடித்தான்.

“அண்ணா, அதுல ஓட்டை போடாதீங்க. அது மிதவைப் பெட்டி. உள்ள நுரைதான் அடைச்சிருக்கு. படகு கவுந்தாலும் முழுகாம நிக்கறது அதாலதான்.”

எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஓட்டை போட்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகுந்து நுரை ஊறியிருக்கும். வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து படகுக்காரர் பக்கத்தில் நின்று விரல் வைத்துக் காட்டாமல் ஃபைபரில் நான் ஓர் ஓட்டையும் போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே என்றால் யார் சொன்னாலும் போடுவதில்லை.

இன்ஜின், பெட்ரோல் டாங்க் பக்கத்து மூடிய இடமும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. மேலே போகாமல் படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு சுவிட்சோ ரிலேயோ அங்கே சின்னப் பொறி விட்டால் போதும். ஆம்பைக் கடைசியில் ஓட்டுநர் மேடைக்கு அடியில், தரையிலிருந்து ஒரு சாண் மேலே, காற்றோட்டம் உள்ள இடத்தில் வைத்தோம்.

காத்தாடும் இடம் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் முறை செட்டை இறுக்கமான பெட்டிக்குள் வைத்துச் சுற்றிலும் சிலிக்கான் அடைத்திருந்தேன். பகலில் சூட்டில் உள்ளே காற்று விரிந்து எப்படியாவது வெளியேறிவிடும். ராத்திரிக் குளிரில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அதோடு பனி ஈரமும் வரும். வந்த ஈரம் போக வழியில்லை. ஒரு மாதத்தில் பெட்டிக்குள் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நின்றது, மழை ஒரு சொட்டு படாமலே! நிஜமாகவே காற்றுப் புகாதபடி செய்ய நம்மிடம் வசதி இல்லாதபோது, மேலே கூரையும் கீழே இரண்டு வடிகால் ஓட்டையும் உள்ள திறந்த பெட்டியே மேல்.

சிலிக்கானிலும் தவறு செய்திருந்தேன். காடி வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அமிலம் விடும். அது செம்பையும் போர்டையும் அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகைதான் மின் சாமான் பக்கத்தில் வர வேண்டும். ஸ்பீக்கரின் அடியில் இப்போது பியூட்டைல் டேப் வைக்கிறேன். பிசுபிசுவென்று இருக்கும், இறுகிப்போகாது. நாளைக்குக் கழற்ற வேண்டும் என்றால் ஃபைபரைப் பெயர்க்காமல் கழற்றலாம்.

கார் வேலை செய்து பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை: காரில் பாடிதான் எர்த். ஒரு திருகு முடுக்கி நெகட்டிவை முடித்துவிடுவோம். ஃபைபர் படகுக்கு அப்படி ஒரு பாடி கிடையாது. பாசிட்டிவ் மாதிரியே நெகட்டிவையும் முழு நீளத்துக்கு இழுத்து வர வேண்டும். ஒவ்வொரு சாமானின் நெகட்டிவும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். கண்ட இடத்தில் பிடித்தால் இன்ஜின் வேகம் ஏறும்போதெல்லாம் பாட்டுக்குள் ‘ஙொய்ய்’ என்று ஒரு ஓசையும் கூடவே ஏறும்.

வயர் கனத்தையும் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். பாட்டரியிலிருந்து ஆம்புக்கு ஐந்து மீட்டர் என்றால் போக வர பத்து மீட்டர். 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் பத்து ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட் அளவுக்கு வழியிலேயே தொலைந்துவிடும். 6 ஸ்கொயர் போட்டால் தொலைவது 0.3 வோல்ட்தான். பன்னிரண்டு வோல்ட்டில் முக்கால் வோல்ட் சின்ன விஷயம் இல்லை; மைக் பேசும்போது சத்தம் அமுங்கும், ஆம்ப் சூடாகும்.

ஃபியூஸை ஆம்புக்குப் பக்கத்தில் போடுவதில் பயனில்லை, பாட்டரிக்குப் பக்கத்தில் வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது அதற்கு அப்பால் போகும் வயரை. பாட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் உள்ள துண்டுக்குக் காவலே இல்லை. அமெரிக்கப் படகு வயரிங் விதிமுறையில் அந்தத் துண்டுக்குப் பொதுவாக ஏழு அங்குலம்தான் அனுமதி. நானும் அதற்குள் முடித்துவிடுகிறேன்.

மூட்டுக்கு வருவோம். கடலூர்ப் பெரியவர் சொல்லிக் கொடுத்த முறையை எங்கள் கடைப் பையன்களுக்கும் பழக்கிவிட்டேன். வயர் முனையைச் சீவும்போது ஓர் இழைகூட அறுபடக் கூடாது. வயர் முனைக்குப் போடும் உலோகத் தலையான லக்கை மாட்டி, பற்கள் இறங்கும் சரியான கிரிம்பிங் பிளையரால் ஒரே அழுத்து. சாதாரணக் கட்டிங் பிளையரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. பிறகு வயரை இழுத்துப் பார்க்க வேண்டும், வந்தால் மறுபடி. வெறும் ஈயப் பற்றவைப்பை மட்டும் நம்பக் கூடாது, ஏனென்றால் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் குச்சியாக்கிவிடும். இன்ஜின் அதிர்வில் குச்சி முடிகிற இடத்தில் முறியும்.

அதற்கு மேல் உள்பக்கம் பசை உள்ள ஷ்ரிங்க் டியூப். சாதா டியூபும் இதுவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், தடவினால் இது கொஞ்சம் தடிமன். சூடு காட்டும்போது முதலில் டியூப் சுருங்கி வயரைக் கவ்வும். அத்தோடு நிறுத்தக் கூடாது. இன்னும் சில நொடி காட்டினால் இரண்டு ஓரத்திலும் தேன் மாதிரி ஒரு சொட்டு பசை பிதுங்கி வந்து வளையமாக நிற்கும். அந்த வளையத்தைப் பார்த்த பிறகுதான் மூட்டு முடிந்தது. ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் வழியாகத் திரி மாதிரி ஈரம் ஏறத் தொடங்கிவிடும் என்று அர்த்தம்.

செட்டுக்குள் நுழைவதற்கு முன் ஒவ்வொரு வயரையும் கீழே ஒரு தொங்கலாக இறக்கி மேலே ஏற்றியிருக்கிறோம். வயர் வழியாக ஓடி வரும் தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், செட்டுக்குள் போகாது. வீட்டு ஆண்டெனா வயருக்கு அந்தக் காலத்தில் விட்ட அதே வளைவுதான்.

படகின் முன்னால் சின்ன அலுமினியக் குழாய் ஸ்பீக்கர் ஒன்று வைத்தோம், கரையிலும் மிதி படகிலும் இருக்கிறவர்களை எச்சரிக்க. அதில் ஸ்டெயின்லெஸ் திருகை நேராக முடுக்கினால் ஈரத்தில் இரண்டு உலோகத்துக்கும் இடையே அரிப்பு தொடங்கி, திருகைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். நடுவில் நைலான் வாஷர் கொடுத்தேன். ஏரிக்கு 304 ரகத் திருகே போதும். கடல் என்றால் 316.

பாட்டரி தனி. இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பாட்டரியில் பாட்டு ஓடக் கூடாது, ஒருநாள் ஏரி நடுவில் இன்ஜின் எழும்பாமல் போகும். மைக்கை அழுத்தினால் பாட்டு தானாக அமுங்கும்படி வைத்தோம். அதோடு ஓட்டுநர் இடதுகைக்குப் பக்கத்தில் மொத்தச் சத்தத்தையும் நிறுத்த ஒரு பெரிய சிவப்பு சுவிட்ச், ரப்பர் மூடியோடு. ஓட்டுகிறவனுக்குக் காதும் ஒரு கண். பக்கத்துப் படகில் யாராவது கூப்பிட்டால், தண்ணீரில் ஏதாவது ‘தொபீர்’ என்றால், அவன் திரை பார்த்துப் பொத்தான் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இதைப் பார்த்துவிட்டு ஒகேனக்கல் பக்கம் இருந்து ஒருவர் பரிசலுக்கு ஸ்பீக்கர் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். பரிசல் ஓட்டுகிறவர் பாறைக்கு நடுவே சுழலின் ஓசையைக் கேட்டுத்தான் துடுப்பைத் திருப்புகிறார். மேலே கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறிய நாளில் ஆற்றின் இரைச்சலே மாறிவிடும் என்பார்கள். அந்தக் காதை மூடும் வேலையை நான் செய்ய மாட்டேன். அதுவும் தவிர, அந்தக் காட்டுப் பகுதியை ஒட்டியே காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது, 2014-இல் அறிவித்தது. யானை தண்ணீர் குடிக்க வரும் கரையில் குத்துப் பாட்டு எதற்கு? ஏரிப் படகிலும் கரைக்கு இருநூறு அடி நெருங்கியதும் பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்று அண்ணனிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன்.

இரண்டாவது முறை செய்து இப்போது இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. போன மார்கழியில் படகைக் கரையேற்றியபோது ஒரு மூட்டை வேண்டுமென்றே அறுத்துப் பார்த்தேன். எது அதிகம் நனையுமோ அதையே தேர்ந்தெடுத்தேன்: முன் குழாய்க்குப் போகும் வயர், அலை நேராக முகத்தில் அடிக்கும் இடம். டியூபைக் கீறியதும் பசை கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. லக்கின் வாயில், வயர் நுழைகிற இடத்தில், இழைகள் வெள்ளையாக இருந்தன. ஓர் அங்குலம் உள்ளே சீவினேன். வெள்ளை. இன்னும் ஓர் அங்குலம். ஓட்டுகிற தம்பி பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். “போதும்ணா, வயர் தீந்துரும்” என்றான்.

புது லக் போட்டு மூடினோம். பின் வரிசை வலது ஸ்பீக்கரின் வலை மட்டும் வெயிலில் லேசாக மஞ்சளாகியிருக்கிறது, ஒரு ஓரம் விரிசல் விடத் தொடங்கியிருக்கிறது. கூரைத் தகரம் அந்த மூலையில் அரை அடி குறைவு. வலை சொல்லி வைத்திருக்கிறேன், தையில் வந்துவிடும். அதற்குள் தகரத்தை அரை அடி நீட்டித் தரச் சொல்லி வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்திருக்கிறேன்.